மேரி டிரெஸ்லர் அம்மையார்

தாழ்ந்த நிலையிலிருந்து உழைப்பினால் உயர்ந்து, உயர்ந்தபின் தாம் ஏறிவந்த ஏணியை எட்டி உதைப்பவர் உலகிற் பலர். ஏறியபின் அவ்வேணியின் அடியில் நிற்பாரைத் திரும்பி நோக்குபவர் சிலர். அவர்க்குக் கைகொடுக்கும் பொருட்டு மீண்டும் கீழிறங்கி வருபவரோ மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவராகிய மேரி டிரெஸ்லர் என்னும் நடிகையாரின் வரலாற்றை நம் அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இவ்வம்மையார் கனடா நாட்டிற் பிறந்து, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நாடக மேடையிலும் படத்திரையிலும் நகைச்சுவை நடிகையாய்ப் பெரும்புகழ் எய்தியவர். அவரை அறிந்தோர் பெரும்பாலும் அவர் நடித்த படங்களைக் கொண்டே அறிவர். 1919-ஆம் ஆண்டில் நாடகத் தொழிலாளர் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தில் அவர் எந்தப் பக்கம் நின்றார், யாருக்குத் தலைமை பூண்டார் என்பதை அறிந்தோர் குறைவு. அவருடைய வாழ்க்கையாகிய மாலையில் நடுநாயக மணியாக விளங்குவது அந்நிகழ்ச்சியே என்பது நமது கருத்து. அதன் அருமை விளங்க வேண்டுமாயின் அவருடைய இளமையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பிறப்பும் இளமையும்

கனடாவில் ஒண்டேரியோ ஏரியின் கரையிலுள்ள கோபர்க் என்னும் சிற்றூரில் 1868-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லீலா மேரி கோர்பர் என்பது. தந்தையார் அலெக்சாந்தர் கோர்பர் இசை கற்பிப்பவர். மாதா கோயில்களில் ஆர்கன் என்னும் இசைக்கருவி வாசித்து வந்தவர். கற்ற கல்வி பெரிது. வந்த வருவாய் சிறிது. அவரிடத்துச் சினமும் மிகுதி. ஆதலின் ஓரூரில் நிலைத்திராமல் ஊர்விட்டு ஊர் மாறுவதே அக்குடும்பத்தின் வழக்கமாயிற்று. அன்னையார் பொறுமையே உருவானவர். கணவனுடைய சினத்தையும் வீட்டின் வறுமையையும் தாங்கி, இரண்டு பெண்மக்களையும் வளர்த்து ஆளாக்கினார்.

இளைய மகளாகிய மேரிக்கு இயற்கை அழகைக் கொடுக்கவில்லை. பருத்த உடலும், அகன்ற முகமும், ஓங்கிய குரலுமே அவர்க்கு வாய்த்தன. பிற பிள்ளைகள் எள்ளி நகையாடுதற்கு இவை போதுமானவை அல்லவா? பிறர் தம்மைக் கண்டு நகைக்கு முன்னரே தாமாக அவர்களை நகைக்கச் செய்துவிட்டால், அந்நகை தமக்கு வெற்றியாய் முடியும் என்னும் நுட்பத்தை அச்சிறுமியார் மிக இளமையிலேயே கண்டுகொண்டார். பிற்காலத்தில் உலகம் போற்றிய அவருடைய நகைச்சுவைக்கு வித்து இதுவே. குறைபாட்டைக் கருவியாகக் கொண்டு தொழில் செய்த திறத்தை நம் இளைஞர்கள் உற்று நோக்குதல் நலம்.

ஊர்சுற்றும் கம்பெனிகளில்

14 வயதளவில் மேரியார் வீட்டை விட்டுப் புறப்பட்டார். உண்மை வயதைக் கூறினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அஞ்சி 18 என்று கூறி, ஊர்சுற்றும் நாடகக் கம்பெனி ஒன்றிற் சேர்ந்தார். நாடகத் தொழில் புரியும் பெண்டிரைக் குறைவாக மதிக்கும் வழக்கம் அக்காலத்தில் மேல்நாட்டிலும் இருந்தது. தம் குடும்பப் பெயர் நாடக விளம்பரத்தில் வருவதைத் தந்தையார் விரும்பவில்லை. ஆகவே அத்தை ஒருவரின் பெயரைத் தழுவி மேரி டிரெஸ்லர் என்று பெயர் சூட்டிக்கொண்டார். அப்பெயரே நிலைத்தது.

தொடக்கத்தில் அவர் பெற்ற வாரச் சம்பளம் எட்டு டாலருக்கு மேற்பட்டதன்று. அதிற் பாதியை அன்னைக்கு அனுப்பி வந்தார் என்பர். எஞ்சிய சிறு தொகையிலே உணவும் உறையுளும் உடையும் அமைய வேண்டும். மேலும் அந்நாட்களில் ஊர்சுற்றும் கம்பெனிகளின் நிலை மிக இரங்கத்தக்கது. வசூல் குறைந்தால் சம்பளம் நின்றுவிடும். சில வேளைகளில் முதலாளி பெட்டியிலிருந்த பணத்துடன் இரவோடிரவாய் மறைந்துவிட, நடிகர்கள் அயலூரில் விடுதிக் கடனும் இரயில் கட்டணமும் இன்றித் தவிப்பார்கள். இத்தகைய இன்னல்களுக்கிடையே அம்மையார் தம் பயிற்சியை முடித்தார்.

இசை நாடகக் கம்பெனிகளில் அவர் கோரஸ் வரிசையிலும் நின்றவர். கோரஸ் என்பது தலைமை நடிகர்களுக்குப் பின்னே கூட்டமாய் நின்று பாடியும் ஆடியும் மேடையை நிறைக்கும் குழு. அக்குழுவிலுள்ளார் பெயரை எவரும் அறியார். விளம்பரத்தில் அவர் பெயர் வாராது. ஆயினும் அவர் இல்லையேல் இசை நாடகம் இல்லை. கட்டடத்திற்கு அடிக்கல் எவ்வாறோ, அவ்வாறே மேடைக்குக் கோரஸ் குழுவினர். அடிக்கல்லைப் போலவே அவர்களும் கண்ணுக்குப் புலப்படாமற் பாரஞ் சுமந்தார்கள்.

புகழும் பகையும்

1892-ஆம் ஆண்டில் அம்மையார் நியூயார்க்கு நகரின் பிராட்வே மேடையில் முதன்முதல் தோன்றினார். அந்நாடகம் ரைன் நதிக் கரையில் வாழ்ந்த கொள்ளைக்காரன் ஒருவனைப் பற்றியது. அதனை இயற்றியவர் மாரிஸ் பாரிமோர் என்னும் பெயர்பெற்ற நடிகர். நாடகம் சில வாரங்களே நடந்து ஓய்ந்தது. ஆயினும் அம்மையார்க்கு ஒரு நன்மை விளைந்தது. பெரிய இசை நாடகங்களிற் பாடும் பாடகியாக வேண்டும் என்று அதுகாறும் அவர் எண்ணியிருந்தார். அவருக்கு வாய்த்த பெருங்கொடை நகைச்சுவையே என்பதை உணர்த்தி, அவ்வழியிற் செலுத்தியவர் பாரிமோரே என்பர். 

1896-ஆம் ஆண்டில் 'லேடி ஸ்லேவி' என்னும் இசை நாடகம் அவருக்குப் பெரும்புகழைத் தந்தது. ஆனால் புகழுடன் ஒரு பகையும் வந்தது. அதே ஆண்டில் நாட்டின் முதன்மையான நாடகக் கொட்டகைகள் பலவற்றையும் தம் கைக்குள் அடக்கிய முதலாளிகள் அறுவர் ஒரு கூட்டு ஏற்படுத்தினர். அவ்வறுவருள் வன்மை மிக்கவர் ஆபிரகாம் எர்லாங்கர் என்பவர். அந்நாடகத்துடன் வெளியூர்களுக்குச் சென்றிருந்தபோது அம்மையார் உடல்நலங் குன்றி இடையில் விலக நேர்ந்தது. எர்லாங்கர் அதனைப் பொறுத்தாரல்லர். தம் கூட்டின் கொட்டகைகளில் அம்மையார் நடித்தற்குத் தடை செய்தார். நேற்று வரை விளக்கொளியில் நின்றவர், ஒரு மனிதரின் சினத்தால், சில ஆண்டுகள் நல்ல மேடை கிடையாமல் அலைய வேண்டியதாயிற்று.

முதலாளி ஒருவர் தனியே நிற்கும் நடிகரை எத்துணை எளிதில் வாழ்விழக்கச் செய்யலாம் என்பதை அம்மையார் நூலிற் கற்கவில்லை. உடலிற் பட்டுக் கற்றார். பெயர்பெற்ற தமக்கே இக்கதி என்றால், பெயரில்லாத கோரஸ் பெண்ணின் கதி என்ன?

மீண்டும் அவர் உயர்ந்தார். 1910-ஆம் ஆண்டில் 'டில்லியின் கொடுங்கனவு' என்னும் பொருளுடைய நாடகத்தில், விடுதி ஒன்றில் ஓயாது பணிசெய்யும் ஏழைப் பெண்ணாக நடித்தார். அப்பெண் வேலையின் களைப்பிலே கண்ணயர்ந்து தான் சீமாட்டியாய் வாழ்வதாகக் கனவு காண்பதே கதை. நாடு முழுதும் அதனைக் கண்டு நகைத்தது. அந்நகையின் அடியில் உழைக்கும் பெண்ணின் ஏக்கமும் இருந்தது. அப்பாத்திரத்தை அடியாகக் கொண்டு 1914-ஆம் ஆண்டில் மாக் சென்னட்டு எடுத்த ஊமைப்படத்திலும் அம்மையாரே தலைமை வேடம் ஏற்றார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சார்லி சாப்ளின் அப்போது படத்தொழிலுக்குப் புதியவர். அவர் அம்மையார்க்குத் துணையாய் நடித்தார். நெடும்படமாய் வெளிவந்த நகைச்சுவைப் படங்களுள் அது முன்னோடி எனப் போற்றப்படுகின்றது.

முதல் உலகப் போரின்போது அரசாங்கக் கடன்பத்திரங்களை மக்கள் வாங்குமாறு வேண்டி, அம்மையார் ஊர் ஊராய்ச் சென்று பெருங்கூட்டங்களிற் பேசினார். மேடையிற் பிறர் எழுதியதைப் பேசிப் பழகிய நாவுக்கு, தம் சொந்தச் சொல்லாற் கூட்டத்தை வயப்படுத்தும் ஆற்றலும் இதனால் முதிர்ந்தது. அவ்வாற்றல் விரைவிற் பயன்படும் காலம் வந்தது.

நாடகத் தொழிலாளரின் குறைகள்

அக்காலத்து நடிகரின் குறைகளை நாம் சிறிது அறிதல் வேண்டும். ஒரு நாடகத்திற்குப் பல வாரங்கள் ஒத்திகை நடக்கும். அவ்வாரங்களுக்குச் சம்பளம் இல்லை. ஒத்திகை முடிந்து நாடகம் அரங்கேறிச் சில நாளில் நின்றுபோனால், பல வார உழைப்புக்குச் சில நாட் கூலியே கிடைக்கும். உடையையும் காலணியையும் பலர் தம் கைப்பொருளால் வாங்க வேண்டும். விடுமுறை நாட்களில் மிகுதியாக நடத்தும் ஆட்டங்களுக்குத் தனிக்கூலி கிடையாது. வசூல் குறையும் பண்டிகை வாரங்களிற் சம்பளத்தைப் பாதியாக்குவதும் உண்டு. முன்னறிவிப்பின்றி வேலையிலிருந்து நீக்குவதும் உண்டு. 

இக்குறைகளை நீக்க 1913-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள், நடிகர் 112 பேர் நியூயார்க்கிற் கூடி 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' என்னும் நடிகர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். ஆறாண்டுகள் அவர்கள் மன்றாடியும் நிலையான பயன் கிட்டவில்லை. நடிகர் கலைஞரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்பது முதலாளிகளின் வாதம். நடிகருள்ளும் பலர் அவ்வாதத்திற் பெருமை கண்டு மயங்கியிருந்தனர். கலைஞர் என்னும் பட்டம் பசிக்கு உணவாகுமா? இறுதியில் 1919-ஆம் ஆண்டில் நடிகர் சங்கம் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் இணைந்தது. கொட்டகை மேடையில் நிற்பவரும், சுரங்கத்தில் உழைப்பவரும், தச்சரும், கொல்லரும் ஓரினம் என்பது இதனால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

முதலாளிகளும் தம்முள் ஒரு சங்கம் அமைத்து, நடிகர் சங்கத்துடன் பேச மறுத்தனர். 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள் மாலை, பிராட்வேயின் நாடகங்கள் பலவற்றில் நடிகர்கள் மேடையேறவில்லை. விளக்குகள் எரிந்தன; மக்கள் வந்தனர்; திரை எழவில்லை. 

அம்மையாரின் தலைமை

வேலைநிறுத்தத்தின் வன்மையும் மென்மையும் ஓரிடத்தில் அடங்கியிருந்தன. பெருவருவாய் தரும் இசை நாடகங்களுக்கு உயிர் கோரஸ் குழு. ஆனால் கோரஸ் பெண்களும் ஆடவரும் நடிகர் சங்கத்தில் உறுப்பினர் அல்லர். பேசி நடிப்போர் தம்மை ஒருபடி உயர்ந்தோராகக் கருதிய காலம் அது. முதலாளிகள் கோரஸ் குழுவினரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டால், இசை நாடகங்கள் ஏதோ ஒருவகையில் நடந்துவிடும், வேலைநிறுத்தம் தளர்ந்துவிடும். மேலும் அவர்களுக்கு ஒருவாரக் கூலி நின்றால் மறுவாரம் உணவில்லை. அச்சமும் பசியும் சேர்ந்து அவர்களை எப்பக்கமும் சாய்க்கக்கூடும்.

இந்நிலையில் வேலைநிறுத்தத்தின் நடுவே, அந்த ஆகஸ்டு மாதத்திலேயே, கோரஸ் குழுவினர்க்கென்று 'கோரஸ் ஈக்விட்டி' என்னும் தனிச்சங்கம் தோன்றியது. அதற்குத் தலைவராய் யாரைக் கொள்வது? வரிசையில் நின்ற துன்பத்தை அறிந்தவராயும், முதலாளிகளும் நாட்டு மக்களும் நன்கறிந்த பெயருடையவராயும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தியவர் டிரெஸ்லர் அம்மையார். அவர்கள் அவரையே முதல் தலைவராகத் தேர்ந்தனர். அவர் மறுக்காமல் ஏற்றார். அப்போது அவருக்கு வயது 50.

இங்கே நாம் சிறிது நின்று எண்ணுதல் தகும். அம்மையார்க்கு அச்சங்கத்தால் ஆகவேண்டிய காரியம் யாது? ஒன்றுமில்லை. தலைமை நடிகையாகிய அவர் தம் சம்பளத்தைத் தாமே பேசி முடித்துக்கொள்ள வல்லவர். மாறாக, இழக்கத்தக்கது மிகுதி. முதலாளியின் சினம் என்ன செய்யும் என்பதை ஏற்கெனவே அனுபவித்தவர். 50 வயது கடந்த நடிகைக்கு மேடை கிடைப்பதே அரிது. அக்காலத்தில் முதலாளிகள் அனைவரையும் ஒருங்கே பகைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது என்று உலகியல் அறிந்தோர் கூறுவர். அம்மையார் அவ்வுலகியலை அறியாதவர் அல்லர். அறிந்தே அதனைப் புறக்கணித்தார். சிலர் இதனை இரக்கம் என்பர். இரக்கமாவது மேலே நின்று கீழே நோக்குவது. அம்மையாரின் செயலுக்கு மூலம் நினைவு என்றே நாம் கருதுகின்றோம். எட்டு டாலர் சம்பளத்தையும், அதிற் பாதியைத் தாய்க்கு அனுப்பிய நாட்களையும் அவர் மறக்கவில்லை.

நாட்கள் செல்லச் செல்லப் போராட்டம் பரவியது. கொட்டகைகளில் இசைக்கருவி வாசிப்போரும், திரைகளையும் காட்சிகளையும் இயக்கும் மேடைத் தொழிலாளரும் நடிகருக்குத் துணையாக வேலையை விட்டனர். நடிகர்கள் தெருக்களிற் கூட்டங் கூட்டி மக்களிடம் தம் குறைகளை எடுத்துரைத்தனர். போராட்ட நிதிக்காக லெக்சிங்டன் அவென்யூவிலிருந்த கொட்டகையில் அவர்களே நாடகக் காட்சிகள் நடத்தினர். மாரிஸ் பாரிமோரின் மக்களாகிய எதெல் பாரிமோரும் லயனல் பாரிமோரும் அங்கே நடித்தனர். 1892-ஆம் ஆண்டில் தந்தை இயற்றிய நாடகத்தில் மேடையேறியவரும், அத்தந்தையின் மக்களும் ஒரே அணியில் நின்றது ஓர் அழகிய பொருத்தம்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ஜார்ஜ் கோஹன் என்பவர் நடிகராயும் நாடகாசிரியராயும் முதலாளியாயும் ஒருங்கே விளங்கியவர். மக்களிடம் பெருஞ்செல்வாக்கு உடையவர். அவர் வேலைநிறுத்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். முதலாளிகளுக்கு இணக்கமான நடிகர்கள் வேறொரு சங்கமும் கண்டனர். ஒரே மேடையிற் கைகோத்து ஆடியவர்கள் எதிரெதிராய் நின்றனர். பல ஆண்டு நட்பு முறிந்தது. பெயர்பெற்ற நடிகர் ஒவ்வொருவரும் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டிய நாட்கள் அவை. அம்மையார் கோரஸ் பெண்களின் பக்கத்தைத் தேர்ந்தார்.

போராட்டம் 30 நாட்கள் நடந்தது. எட்டு நகரங்களிற் பரவியது. 37 நாடகங்கள் நின்றன. 16 நாடகங்கள் அரங்கேறாமலே தடைப்பட்டன. இருதிறத்தார்க்கும் நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் என்று கணக்கிட்டுள்ளனர். செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள் முதலாளிகள் இறங்கிவந்து உடன்படிக்கை செய்தனர். நடிகர் சங்கத்தின் ஒப்பந்தத்தை ஏற்றனர். வாரத்திற்கு எட்டு ஆட்டம் என்னும் அளவு ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கு மேற்பட்ட ஆட்டங்களுக்குத் தனிக்கூலி உண்டு என்பதும் முடிவாயிற்று. சம்பளமில்லா ஒத்திகைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது. ஒத்திகைக்கே சம்பளம் என்பது பின்னர்ப் பல ஆண்டுகள் கழித்தே கைகூடியது. போராட்டத்திற்கு முன் 2,700 அளவில் இருந்த நடிகர் சங்க உறுப்பினர் தொகை, அதன்பின் 14,000 அளவிற்கு உயர்ந்தது. கோரஸ் ஈக்விட்டி பல்லாண்டு தனியே நடந்து, 1955-ஆம் ஆண்டில் நடிகர் சங்கத்துடன் ஒன்றாயிற்று. பின்னே நின்றவரும் முன்னே நின்றவரும் ஒரே சங்கத்தார் ஆயினர்.

இருண்ட ஆண்டுகள்

வெற்றி சங்கத்திற்கு, விலை அம்மையார்க்கு. வேலைநிறுத்தத்தின் பின் அவருக்கு நல்ல வேடங்கள் அரியவாயின. முதலாளிகள் மனத்திற் பகை வைத்ததே காரணம் என்பார் உளர். மக்களின் சுவை மாறியதும், இளமையையே விரும்பும் புதுக்காலம் வந்ததும் காரணங்களே. எவ்வாறாயினும், 1920-க்குப் பிறகு அவர் வாழ்க்கை இறங்குமுகமாயிற்று. நெடுங்காலம் உடன் வாழ்ந்த துணைவரும் 1921-ஆம் ஆண்டில் இறந்தார். வேடம் இல்லை, வருவாய் இல்லை, வயதோ அறுபதை நெருங்கியது. நாடெல்லாம் நகைக்கச் செய்தவரை நாடு மறந்தது.

ஆனால் செய்த நன்மை ஒருநாள் தேடிக்கொண்டு வரும் என்பது பொய்யாகவில்லை. முன்னொரு காலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரில், இளம் பெண் ஒருவர் பத்திரிகைக்காக அம்மையாரைப் பேட்டி காண வந்தார். பேட்டி கிடையாவிட்டால் அப்பெண்ணின் வேலை போய்விடும் நிலை. அதனை அறிந்த அம்மையார் அன்புடன் பேட்டி அளித்து அவ்வேலையைக் காத்தார் என்பர். அப்பெண்ணே பிரான்செஸ் மேரியன். பிற்காலத்தில் அவர் ஹாலிவுட்டில் தலைசிறந்த படக்கதை ஆசிரியர்களுள் ஒருவரானார். அம்மையார் வாடுவதைக் கேள்வியுற்றதும், அவருக்கென்றே வேடம் அமைத்து, மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியின் படத்தில் அவரை நடிக்கச் செய்தார். அது 1927-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐரிஷ் மக்களை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்து அப்படம் நிறுத்தப்பட்டது. எனினும் கதவு திறந்துவிட்டது.

முதுமையில் மலர்ந்த புகழ்

அப்போது பேசும் படம் புதிதாய் வந்தது. ஊமைப்படத்து நடிகர் பலர் குரல்வளம் இன்றி மங்கினர். 40 ஆண்டுகளுக்கு மேலாய் மேடையிற் பேசிப் பண்பட்ட அம்மையாரின் குரலுக்கோ அது நற்காலமாயிற்று. 1930-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அன்னா கிறிஸ்டி' என்னும் படத்தை, கிரேட்டா கார்போ முதன்முதற் பேசும் படம் என்று கூறியே விளம்பரம் செய்தனர். அதில் துறைமுகத்துக் குடிகாரக் கிழவியாகச் சிறுவேடம் பூண்ட அம்மையார், தலைமை நடிகைக்கு நிகரான பாராட்டைப் பெற்றார். அதே ஆண்டில் 'மின் அண்டு பில்' என்னும் படத்தில், துறைமுகத்தில் விடுதி நடத்திக்கொண்டு தன் வயிற்றிற் பிறவாத பெண்ணைக் கண்ணுங் கருத்துமாய்க் காக்கும் மின் என்னும் முதியவளாக நடித்தார். 1931-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10-ஆம் நாள் சிறந்த நடிகைக்குரிய அகாடமிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முந்திய நாள் அவருடைய 63-ஆம் பிறந்தநாள்.

அடுத்து வந்த 'எம்மா' என்னும் படத்துக்காகவும் அவர் பெயர் அப்பரிசுக்கு முன்மொழியப்பட்டது. எம்மா என்பவள் ஒரு குடும்பத்தின் மக்களைத் தன் மக்கள் போல் வளர்க்கும் பணிப்பெண். இம்மூன்று படங்களின் கதையமைப்பிலும் பிரான்செஸ் மேரியனுக்குப் பங்குண்டு. 1932, 1933 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் படக்கொட்டகைக்கு மக்களை மிகுதியாக ஈர்த்த நடிகர் வரிசையில் முதலிடம் பெற்றவர் டிரெஸ்லர் அம்மையாரே. பொருளாதார நெருக்கடியால் நாடு வாடிய காலம் அது. கோடிக்கணக்கானோர் வேலையின்றி இருந்தனர். அழகிய இளநங்கையர் நிறைந்த ஹாலிவுட்டில், பருத்த உடலும் சுருக்கம் விழுந்த முகமும் உடைய மூதாட்டி எவ்வாறு முதலிடம் பெற்றார்? மக்கள் அம்முகத்தில் தம் தாயையும் பாட்டியையும், தம் தெருவில் உழைத்துத் தேய்ந்த பெண்களையும் கண்டனர். தம்மைப் போன்ற ஒருவர் துன்பத்தை நகைத்து வெல்வதைக் கண்டு ஆறுதல் கொண்டனர். கோரஸ் வரிசையையும் பசியையும் பகையையும் உண்மையாகக் கண்டவர் ஆதலின், அவர் நடிப்பில் பொய் இல்லை.

இறுதி

புகழின் உச்சியில் நோயும் வந்தது. புற்றுநோய் என்று மருத்துவர் கண்டனர். படக்கம்பெனியார் அவர் உழைக்கும் நேரத்தைக் குறைத்தனர். அந்நிலையிலும் 1933-ஆம் ஆண்டில் 'டக்போட் ஆனி', 'டின்னர் அட் எயிட்' முதலிய படங்களில் நடித்து முடித்தார். 1934-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28-ஆம் நாள், கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவில், 65-ஆம் வயதில் உலக வாழ்வை நீத்தார். 

அவர் எழுதிவைத்த உயில் அவருடைய உள்ளத்தைக் காட்டும் கண்ணாடி. ஏறத்தாழ 20 ஆண்டுகள் தமக்குப் பணிபுரிந்த ஆப்பிரிக்க மரபினராகிய பெண்மணிக்கு 35,000 டாலரும், அவர் கணவர்க்கு 15,000 டாலரும் அளித்தார். நிறவேற்றுமை கொடிதாய் நிலவிய காலத்தில், பணியாளர்க்கு இத்துணைப் பெருந்தொகை வைத்தல் அரிய செயலாகும். தமக்குப் பின்னே நின்று உழைத்தவரை அவர் இறுதி வரை மறக்கவில்லை. கனடா அரசின் அஞ்சல் துறை 2008-ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டுத் தன் மகளைப் பெருமைப்படுத்தியது.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? சங்கம் என்பது எளியோர் பலர் கூடுவதால் மட்டும் வலிமை பெறுவதில்லை. அதனால் தனக்கு ஒரு பயனும் வேண்டாதவன் வந்து எளியோர் அருகில் நிற்கும்போதே அது முழுவலிமை பெறுகின்றது. எளியோர்க்குத் தொகை உண்டு, குரல் இல்லை. உயர்ந்தோர்க்குக் குரல் உண்டு. அக்குரலைத் தமக்காக மட்டும் பயன்படுத்தினால் அது ஒரு தலைமுறையோடு அடங்கிவிடும். அம்மையார் தம் குரலைப் பெயரறியாத பெண்களுக்கு ஒரு மாதம் கொடுத்தார். அதனால் விளைந்த நன்மை அவர் காலத்திற்குப் பின்னும் நின்றது. அவர் பெற்ற பரிசுகளை ஏட்டில் எழுதிவைத்திருக்கின்றனர். அவரால் ஒருவேளை உணவு மிகுதியாய் உண்ட கோரஸ் பெண்களின் பெயர்களை எந்த ஏடும் எழுதவில்லை. எனினும் எழுதப்படாத அப்பெயர்களே அவருக்கு நிலைத்த புகழ் என்று நாம் துணிகின்றோம்.

நம் இல்லங்களிற் கல்வியாலும் தொழிலாலும் முன்னேறிவரும் ஆண்மக்களும் பெண்மக்களும், தாம் நின்று வந்த படியை மறவாதிருப்பார்களாக. அப்படியில் இன்னும் நிற்பவர் எவராயினும், அவர்க்குக் கைகொடுக்கும் நெஞ்சுரம் அவர்களுக்கு வாய்ப்பதாக. மேரி டிரெஸ்லர் அம்மையாரின் திருப்பெயர் வாழ்க.